சனிக்கிழமையில் வைத்த இல்லப் போட்டி

எழுபதுகளின் நடுவில், அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ண் நகரத்தின் ஓரத்து டண்டினொங்குக்குச் சற்று அப்பால் இருந்த ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் நான் ட்ரில் ரீச்சராக இருந்தேன். காலையில் கொஞ்சம் கணிதம், மிச்ச நேரமெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. சேலை உடுத்திக்கொண்டு பின்னம் படிப்பிப்பேன். மணி அடித்ததும் ஓடிப்போய் நீளக் காற்சட்டைக்கு மாறி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவேன். முதல் வாரம் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் நான் ஊதிய ஊதலில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இதே வேலையைச் செய்துவிட்டு வந்தவள் நான். என் கணவருக்கு டண்டினொங் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. அவர் பின்னால் நானும் மகளும் வந்தோம். இங்கே நேர்முகப் பரீட்சையில் இருந்த மனிதர், "உங்கள் நாட்டில் பெண்கள் விளையாடுவார்களா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். "விளையாடுவார்கள். தோற்றால் அழுவார்கள். வென்றால் ஊரைக் கூட்டுவார்கள். உங்கள் நாட்டில் எப்படி?" என்று நானும் அன்பாகக் கேட்டேன். வேலை தந்துவிட்டார்.

வேலையில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, சுவரோரத்து வாங்கைத் தவிர. அந்த வாங்கில் ஒவ்வொரு பாடத்துக்கும் பாதி வகுப்பு உட்கார்ந்திருக்கும். எல்லார் கையிலும் வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கடிதம்: தலையிடி, வயிற்றுக்குத்து, தடிமன், கணுக்கால் சுளுக்கு. துருக்கி, கிரேக்கம், யூகோஸ்லாவியா, இத்தாலி என்று பல இடங்களிலிருந்தும் வந்து தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் மகள்கள் அவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே இவ்வளவு வியாதி இருந்தால் சுகாதாரப் பகுதி வந்து பூட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். இந்த வியாதி எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளின் விளையாட்டுச் சீருடை தொடையோடு நின்றது. அதைப் போட்டுக்கொண்டு தெருவோர மைதானத்தில் ஓட அந்த வீடுகளில் தாய்மார் விடவில்லை.

எனக்கு இது புதிய வியாதியும் அல்ல. நான் பயிற்சி பெற்ற கல்லூரியில், எங்களுக்கு முந்திய காலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அம்மையார் முழங்காலுக்கு மேலே நிற்கிற சட்டை ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அம்மையார் கெட்டிக்காரி. சட்டையை இறக்கித் தைக்கச் சொன்னார், காய்ச்சலும் இறங்கிவிட்டது. இந்தக் கதையை எங்கள் அதிபரிடம் சொல்லி, பிள்ளைகள் நீளக் காற்சட்டையோடு ஓடட்டும் என்று கேட்டேன். அவர் முன்னாள் இராணுவக்காரர். நாற்காலியில் இருந்தாலும் அணிவகுப்பில் நிற்பதுபோல்தான் இருப்பார். "சீருடை சீருடைதான்," என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருடத்தின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் அவர் பேச வேண்டியதைப் பேசினார். போன வருடம் விளையாட்டுப் போட்டி நாளில் பள்ளிக்கூடத்தில் பாதி வரவில்லை. பிள்ளைகளுக்கு அது இலவச விடுமுறை. "இந்த வருடமும் மைதானம் வெறுமையாகக் கிடந்தால் இதுவே கடைசிப் போட்டி. பெண் பிள்ளைகளின் உடற்பயிற்சி நேரத்தையும் எடுத்துத் தட்டச்சுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தாய்மாருக்கே விருப்பம் இல்லாத பாடம் அது. வருகிற துண்டுகளைப் பாருங்கள்," என்றார். என்னை முழுநேரமும் கணிதத்துக்குப் போடலாம் என்று சொல்லி, எனக்கு ஏதோ உபகாரம் செய்ததுபோல் தலையையும் ஆட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணிதம் படிப்பிக்க எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாய் இருக்கிற அதே தொழிற்சாலை வாங்கில் போய் இருக்கப் போகிறவர்கள். கெட்டிக்காரிகளுக்குத் தட்டச்சு மேசை. எப்படியும் இருக்கைதான். காலை வீசி ஓட, மூச்சு வாங்க, விழுந்து எழும்ப வாரத்தில் அவர்களுக்கு இருந்த கொஞ்ச நேரத்தையும் பறித்து, இன்னும் இருக்கப் பழக்கப் போகிறார்களாம். எழும்பி நின்றேன். "மைதானத்தை நான் நிரப்பிக் காட்டுகிறேன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. நல்லவேளை, ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து இருந்தவர் ஆண் பிள்ளைகளின் உடற்பயிற்சி ஆசிரியர். இளைஞர், தோள் வரைக்கும் தலைமுடி, அப்போதுதான் பயிற்சி முடித்து வந்தவர். "நிரப்புங்கள், நல்லதுதான். ஆனால் அணிநடை, ட்ரில் என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். கட்டளை போடக் கூடாது. பிள்ளை தன் உடம்பைத் தானே கண்டுபிடிக்க வேண்டும்," என்றார். அவருடைய வகுப்பில் பையன்கள் ஒரு நாள் மரமாக நிற்பார்கள், இன்னொரு நாள் காற்றாக ஓடுவார்கள். என் வகுப்பில் கையை நீட்டு என்றால் கை நீளும்.

சிரிப்பு என்னவென்றால், என்னுடைய ட்ரில்லும் இங்கிலாந்துதான். இங்கிலாந்துக்காரர் இந்த விஷயத்தில் ஒருபோதும் ஒரு மனதாக இருந்ததில்லை. பணக்காரப் பையன்களின் விடுதிப் பள்ளிகளில் அவர்களை 'ஹவுஸ்' என்று இல்லம் இல்லமாகப் பிரித்து, கிரிக்கெட்டிலும் றகர் என்கிற ரக்பியிலும் மோதவிட்டார்கள். அப்படி மோதினால் நாடாளும் குணம் வரும் என்று நம்பினார்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மைதானமே இல்லை. அங்கே பழைய பட்டாளத்துச் சார்ஜன்ற் ஒருவர் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி இடம் வலம் என்று கத்துவார். பிறகு தென்னாபிரிக்காவில் போயர்களோடு சண்டை வந்து, ஆள் சேர்க்கப் போனால், வந்த இளைஞர்களில் பலர் நெஞ்சு ஒடுங்கி, பல் சொத்தையாகி, துவக்குத் தூக்கவும் முடியாமல் நின்றார்கள். அரசாங்கம் பயந்துபோய் இராணுவ ட்ரில்லைப் பள்ளிகளுக்குள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தது. அதை எதிர்த்தவர்கள், இவர்கள் பிள்ளைகளா பட்டாளமா என்று கேட்டு, சுவீடன் நாட்டு முறையைக் கொண்டுவந்தார்கள்: கையை நீட்டு, இடுப்பை வளை, மூச்சை இழு, விடு. வயதுக்கேற்ற அட்டவணை, அதற்கேற்ற கட்டளை. அந்த அட்டவணைதான் கப்பலேறி எங்களிடம் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளை தன் பாட்டில் அசையட்டும் என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். தந்தவன் கைவிட்டாலும் வாங்கியவன் விடமாட்டான் என்பதற்கு எங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆகவே டண்டினொங்கின் ஒரே ஆசிரியர் அறையில், ஒரே கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு, இரண்டு இங்கிலாந்து இருந்தது. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. அதிபரிடம் இருந்தது மூன்றாவது, சார்ஜன்றின் இங்கிலாந்து.

ஆனால் எங்களிடம் ஒன்று இருந்தது. அது இவர்கள் ஒருவரிடமும் இல்லை. பணக்காரப் பையன்களின் இல்லத்தையும் ஏழைப் பிள்ளைகளின் ட்ரில்லையும் எடுத்து, அதோடு கோயில் திருவிழாவையும் சேர்த்துக் குழைத்து, யாழ்ப்பாணத்தார் ஒரு சாமான் செய்துவைத்திருந்தார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி. மைதானத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வோர் இல்லமும் தன் கூடாரத்தை அலங்கரிக்கும். ஒரு இல்லம் கோபுரம் கட்டினால் மற்றது கப்பல் கட்டும். அதற்கும் நடுவர், அதற்கும் புள்ளி. ஓடத் தெரியாதவளுக்குக் கடதாசி ஒட்டத் தெரியும். ஒட்டத் தெரியாதவளுக்குக் கத்தத் தெரியும். கடைசியில் தாய்மார் ஓட்டம், தகப்பன்மார் கயிறிழுத்தல். அந்த நாளில் வீட்டில் நிற்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. காய்ச்சல் உள்ளதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கத்தும்.

டண்டினொங்கிலும் நான்கு இல்லங்கள் இருந்தன. செத்துப்போன நான்கு ஆளுநர்களின் பெயர்கள் அவற்றுக்கு. தான் எந்த இல்லம் என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் ஆளுநர்களை விட்டுவிட்டு நிறங்களைப் பிடித்தேன்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். அலங்காரத்துக்கு நிறையப் புள்ளி என்று அறிவித்தேன். பெற்றோருக்கு ஓர் அழைப்பிதழ் எழுதி, அலுவலகத்தில் படியெடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தேன். தாய் தகப்பன், அண்ணன் தம்பி, எல்லாரும் வாருங்கள், கூடாரம் கட்ட உதவுங்கள், தாய்மாருக்கும் ஓட்டம் உண்டு, தேநீர் உண்டு, சனிக்கிழமை பிற்பகல்.

சனிக்கிழமை என்று எழுதும்போது என் கை ஒரு கணமும் நிற்கவில்லை. தாய் தகப்பன் வர வேண்டுமென்றால் வேறு எந்த நாளில் வைப்பது? யாழ்ப்பாணத்தில் இதை ஒருவரும் கேள்வியாகவே கேட்டிருக்க மாட்டார்கள். ஆசிரியர்கள் வராமல் விடுவார்கள் என்பது என் கற்பனைக்கே எட்டாத விஷயம்.

அழைப்பிதழ் வீடுகளுக்குப் போன அடுத்த நாள் காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். சனிக்கிழமை பிற்பகல் மெல்பேர்ணில் என்ன நடக்கும் என்பதை எனக்கு அப்போதுதான் விளக்கினார்கள். முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிற அந்த ஊர்க் கால்பந்தாட்டம் நடக்கும். பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. விளையாடாதவர்கள் பார்ப்பார்கள், பார்க்காதவர்கள் வானொலியில் கேட்பார்கள். ஆசிரியர் சங்கத்துக்குப் பொறுப்பானவர், சம்பளமில்லாத வார இறுதி வேலைக்கு ஒருவரும் போகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான். எனக்கு ஒரு சனிக்கிழமை பெரிதாகத் தெரியவில்லை என்பதற்காக அவர்களுடைய சனிக்கிழமை சின்னதாகிவிடாது.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "யாரைக் கேட்டு இதை அனுப்பினீர்கள்?"

"போட்டியை நடத்தச் சொன்னது நீங்கள்தானே?"

"சனிக்கிழமையில் நடத்தச் சொன்னேனா? திருப்பி எடுங்கள்."

"அழைத்த விருந்தாளியை வர வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை, சேர்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. "நான் ஆசிரியர்களுக்குக் கட்டளை போட முடியாது. ஓட்டத்தைத் தொடக்க ஆள் வேண்டும், நேரம் பார்க்க ஆள் வேண்டும், முடிவுக் கோட்டில் நிற்க ஆள் வேண்டும். ஆள் காட்டினால் நடத்துங்கள். காட்டாவிட்டால் போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ரத்துச் செய்வேன். அதோடு அந்தத் தட்டச்சு விஷயமும் முடிந்துவிடும்."

அன்றைக்கு வீட்டில், குசினியில் சமைத்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்தது. அழுகையைப் பார்த்ததும் அவர் சிரிப்பை விழுங்கினார்.

"உமக்கு விசரே? இந்த ஊரில சனிக்கிழமையை ஆர் தொடுவினம்? கடவுளே ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேக்கிறார்."

"இஞ்சாருங்கோ, பகிடி விடாமல் ஒரு வழி சொல்லுங்கோ. எனக்கு ஆக்கள் வேணும்."

"ஆக்களோ? சனிக்கிழமை ஒரு வீட்டில கூடி, சோத்தைச் சாப்பிட்டுப் போட்டு, பொழுதுபடும் மட்டும் தங்கட பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீற் கதையையே கதைக்கிற ஆக்களை உமக்குத் தெரியாதே?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது. முப்பது வருடம் கழித்தும் இந்த மனுசனோடு இருக்கிறேன் என்றால், அதற்கு அந்த ஒரு வசனமும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான். வைத்தியர், கணக்காளர், எஞ்சினியர் என்று எல்லாரும் படித்து வந்தவர்கள். சனிக்கிழமைகளில் யாராவது ஒருவருடைய வீட்டில் மத்தியானச் சோறு. சோற்றுக்குப் பிறகு ஆண்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு தங்கள் இல்லம் எந்த வருடம் எப்படி வென்றது என்று தொடங்குவார்கள். அவர்கள் சொல்வதை நம்பினால், யாழ்ப்பாணத்தில் இல்லத் தலைவனாக இல்லாத ஒரு பையனும் படிக்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அந்த வட்டத்துக்கு நடுவில் நின்று என் கதையைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் வந்தால் போட்டி நடக்கும், இல்லையென்றால் இல்லை என்றேன்.

அந்த வீட்டுக்காரர் ஒரு வைத்தியர், எல்லாரிலும் மூத்தவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஓட்டம் தொடக்கிற ஸ்ராட்டர் நான்தான். அதில ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

"ஏன் கதைக்கக் கூடாது?" என்று கணக்காளர் பாய்ந்தார். "டொக்டர், நீங்கள் ஓடினதெண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லையே. மாச்சிங்கில கொடி பிடிச்சதெண்டுதான் கேள்வி."

"கொடி பிடிக்கிறவனுக்குத்தான் ஒழுங்கு தெரியும்."

"அப்ப முடிவுக் கோட்டில நான். என்ர கண்ணுக்குத் தப்பி ஒருத்தனும் போகேலாது."

சண்டை தொடங்கிவிட்டது, எனக்கு நிம்மதியாகிவிட்டது. எங்கள் ஆட்கள் பதவிக்குச் சண்டை பிடித்தால் வேலை நடக்கும் என்று அர்த்தம். குசினி வாசலில் நின்ற வைத்தியரின் மனைவி என்னைப் பார்த்தார். இளமையில் ஓட்டத்தில் பேர் எடுத்தவர். அது அந்த வட்டத்தில் உண்மையாகவே உண்மையான ஒரே கதை. ஆனால் அவரை யாரும் கதைக்க விடுவதில்லை.

"எங்களுக்கு என்ன வேலை? தேத்தண்ணி ஊத்தவோ?"

"இல்லை அக்கா. தாய்மார் ஓட்டத்துக்கு ஆள் வேணும்."

"ஓம். அப்ப வாறன்," என்றார், வேறொன்றும் கேட்காமல்.

திங்கட்கிழமை அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, தொடக்குநர் ஒரு வைத்தியர், முடிவுக் கோட்டில் ஒரு கணக்காளர், நேரம் பார்க்க எஞ்சினியர்கள் என்று சொன்னேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். ஆசிரியர் அறையில் நீளமுடிக்காரர் என்னைப் பிடித்தார். அணிநடை வைக்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "உங்கள் பட்டாளத்துக்கு நேரம் உண்டென்றால் என் பிள்ளைகளுக்கும் பத்து நிமிடம் தர வேண்டும். அப்படியென்றால் நானும் வருகிறேன்," என்றார். கொடுத்தேன். ஒரு வெள்ளைக்காரரின் சனிக்கிழமை பத்து நிமிடத்துக்குக் கிடைத்தால் மலிவுதான்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் தலைகீழாக மாறியது. பிள்ளைகள் தாங்களாகவே வந்து, நான் எந்த நிறம் என்று கேட்டார்கள். பின்னேர வேலைக்குப் போகிற தகப்பன்மார் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு காலையில் வந்து நின்றார்கள்: தொழிற்சாலையில் வேண்டாமென்று எறிந்த பலகைப் பெட்டிகள், பழைய தார்ப்பாய், அரைவாசி காய்ந்த பெயிண்ட் தகரங்கள். நீல இல்லம் கப்பல் கட்டியது. கப்பல் எங்கே போனாலும் வரும் போலிருக்கிறது. மஞ்சள் இல்லத்தில் ஓர் இத்தாலியத் தகப்பன், கூடாரத்துக்குச் சீமெந்துத் தூண் போட்டுத் தரவா என்று கேட்டார். வாங்கில் உட்கார்ந்திருந்த என் நோயாளிகள் எல்லாரும் ஏணியில் நின்று ஆணி அடித்தார்கள். ஒருத்திக்கும் தலையிடி இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை மழை. மெல்பேர்ண் வானத்தை நம்பி மிளகாய் காயப்போட முடியாது. கடதாசிப் பூக்கள் நனைந்து, சிவப்புச் சாயம் பச்சைக் கூடாரத்துக்குள் ஓடியது. மத்தியானம் வெயில் எறித்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினோம். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் காற்சட்டை, கறுத்தப் பிளேசர், கழுத்துப்பட்டி, நெஞ்சில் பழைய பள்ளிக்கூடச் சின்னம் என்று எங்கள் ஆட்கள்தான் முதலில் வந்தார்கள். வைத்தியர் கையில் தொடக்கத் துப்பாக்கி. எங்கே வாங்கினார் என்று இன்றைக்கும் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம், பிறகு இன்னொன்று, பிறகு தெரு நிறைய. கலியாண வீட்டுக்கு வருவதுபோல் உடுத்திக்கொண்டு, சட்டி சட்டியாகச் சாப்பாட்டோடு வந்தார்கள். பந்தாட்டம் முடிந்து சேறும் சகதியுமாகச் சில பையன்களும் வந்து சேர்ந்தார்கள். மைதானம் நிறைந்தது. விசிலை வாயில் வைத்து அணிநடைக்கு ஊதினேன்.

அணிநடை வளைந்து வளைந்துதான் வந்தது. துருக்கிப் பிள்ளை ஒரு காலில், கிரேக்கப் பிள்ளை மறு காலில். ஆனால் சிவப்பு இல்லம் மேடைக்கு முன்னால் வந்து தலையை வலப்பக்கம் திருப்பியதும், மேடையில் நின்ற அதிபரின் கை அவரைக் கேட்காமலே நெற்றிக்குப் போனது. சல்யூட் அடித்தபடி நான்கு இல்லமும் போகும்வரை நின்றார். எங்கள் கணக்காளர் முடிவுக் கோட்டில் குனிந்து நின்ற நிற்பைப் பார்த்தால், உலகம் முடிகிற கோடு அதுதான் என்று நினைப்பீர்கள். தப்பாக வெளிக்கிட்டவனை வைத்தியர் திருப்பிக் கூப்பிட்டு ஒழுங்கைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

நீளமுடிக்காரரின் பத்து நிமிடமும் வந்தது. அவர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கட்டளை இல்லை, வரிசை இல்லை. அலைபோல் ஓடி வந்தார்கள், விழுந்தார்கள், எழும்பினார்கள். பார்த்தால் எனக்கு இடுப்பில் கை வைக்கத்தான் தோன்றியது. ஆனால் உற்றுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஓடினவர்களில் பாதிப் பேர் என் வாங்குப் பிள்ளைகள். நீளக் காற்சட்டை, வீட்டுப் பாவாடை, வந்தபடியே ஓடினார்கள். என்ன உடுப்பு என்று அவர் கேட்கவே இல்லை. அவருடைய இங்கிலாந்துக்கு அந்த ஒரு புள்ளியை நான் கொடுத்தேன்.

அதிபர் என் பக்கத்தில் வந்தார். "மைதானத்தை நிரப்பிவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டங்களில் எத்தனை பெண் பிள்ளைகள் ஓடினார்கள்? துள்ளி விளையாடினால் தாய்மார் கை தட்டுவார்கள். ஓட விடமாட்டார்கள். அது வேறு விஷயம்," என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. சீருடை போட்டு ஓடியவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். இவ்வளவும் செய்து, இவ்வளவு சனத்தையும் கூட்டி, கடைசியில் தட்டச்சுத்தானா என்று எனக்கு மனம் விட்டுப் போனது.

ஒலிபெருக்கியில் தாய்மார் ஓட்டம் என்று அறிவித்தேன். ஒருவரும் அசையவில்லை. கயிற்றுக்குப் பின்னால் தாய்மார் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு முறை அறிவித்தேன். அப்போது வைத்தியரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டார். காஞ்சிபுரத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கோட்டில் போய் நின்றார். அவர் பின்னால் கணக்காளரின் மனைவி, எஞ்சினியரின் மனைவி. விருந்தாளிகள் வருகிற நாளென்று நானும் அன்றைக்குச் சேலைதான் உடுத்திருந்தேன். செருப்பைக் கழற்றி, முந்தானையைச் செருகிக்கொண்டு, விசிலைக் கணவரிடம் கொடுத்தேன். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். சட்டப்படி நானும் தாய்தான். நாலு பெண்கள், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடிக்கொண்டு, ஓடுவதற்குக் குனிந்து நின்றோம்.

கயிற்றுப் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு ஏதோ பேச்சு. திரும்பிப் பார்த்தேன். நீள மேலங்கியும் தலையில் துணியுமாக ஒரு துருக்கிப் பெண் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் சேலையை மேலும் கீழும் பார்த்தார். தன் மேலங்கியையும் பார்த்தார். ஓடுவதற்கு இது காணும் என்று முடிவெடுத்ததுபோல் சப்பாத்தைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் முழுக்கக் கறுப்பு உடுத்த ஒரு கிரேக்கப் பெண். பிறகு இரண்டு பேர், பிறகு கயிறே கீழே கிடந்தது. மைதானத்தின் அகலத்துக்குத் தாய்மார்.

"தாய்மாரே, கோட்டுக்குப் பின்னாலே," என்று வைத்தியர் ஆங்கிலத்தில் உறுமினார். தன் மனைவிக்கும் சேர்த்துத்தான். துப்பாக்கி வெடித்தது.

நான் எத்தனையாவதாக வந்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. துருக்கிப் பெண் வென்றார். மேலங்கி பின்னால் பறக்க, தலைத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார். வைத்தியரின் மனைவி இரண்டாவது. "நல்ல ஓட்டம்தான், ஆனா அவ முந்தி வெளிக்கிட்டவ," என்று மூச்சு வாங்க முறைப்பாடு வைத்தார். கணக்காளர் தன் தீர்ப்பிலிருந்து இம்மியும் அசையவில்லை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒருவரும் போகமுடியாது அல்லவா?

பரிசு கொடுக்கும்போது அதிபர் கையில் ஒரு தேர்மோஸ் போத்தல் இருந்தது. துருக்கிப் பெண் அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்காமல் நின்று, மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மகளை எனக்குத் தெரியும். வாங்கில் முதலிடம், ஒவ்வொரு பாடத்துக்கும் வயிற்றுக்குத்து.

"அம்மா கேட்கிறார், நீளக் காற்சட்டையோடு நான் உடற்பயிற்சி வகுப்பில் ஓடலாமா என்று," என்றாள் அவள், அதிபரின் முகத்தைப் பார்க்காமல்.

"சீருடை…" என்று அவர் தொடங்கினார். அந்தத் தாயைப் பார்த்தார். காலுறை புல்லில் நனைந்து, மேலங்கியின் ஓரமெல்லாம் சேறு. பிறகு கீழே நின்ற மற்றத் தாய்மாரைப் பார்த்தார். எல்லாரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"ஓடலாம்," என்றார்.

தாய் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னார். மகளுக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்த வருடம் எந்த நாள் என்று கேட்கிறார். தொழிற்சாலையில் இப்போதே சொல்லிவைக்க வேண்டுமாம்."

நான் மேடைக்குக் கீழே, முந்தானையை இடுப்பில் செருகியபடியே, செருப்பில்லாமல் நின்றேன். அதிபர் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை," என்றார்.